இரண்டாவது பொட்டலம்

அத்தியாயம் 17

ஞாயிற்றுக்கிழமை கட்டிலே ஆடும்படி நடுங்கிய மைக் மாமா, செவ்வாய்க்கிழமை காலையில் நடுக்கமே இல்லாமல் படுத்திருந்தார். எல்லாருக்கும் உண்மையான பயம் வந்தது அப்போதுதான்.

நடுங்குகிற மனுஷனிடம் போர்வை வேணுமா என்றாவது கேட்கலாம். அசையாமல் கிடக்கிறவரிடம் என்னத்தைக் கேட்பது?

போன வாரம் ஊருக்குப் போயிருந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. மைக் மாமா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த இடத்தில் நிற்கிறது என்று இருபத்தாறு வருஷமாக ஊருக்கே சொன்ன குரல் அவருடையது. வீட்டில் உப்பு கேட்டாலும் அதே குரலில்தான் கேட்பார். பல நாள் பக்கத்து வீட்டிலிருந்து உப்பு வந்திருக்கிறது.

அவர் மனைவியைத்தான் தெருவே 'கடைக்கார அக்கா' என்று கூப்பிடுகிறது. மருந்துக்கடை வைத்திருக்கிறாள். அம்மா போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்து, படிக்க வைத்து, டாக்டராக்கியவள். கடைக்கும் தம்பியின் கிளினிக்குக்கும் நடுவில் ஒரே சுவர், சுவரில் ஒரு கதவு. தம்பியிடம் காட்டிவிட்டு வருகிறவர்கள் அக்காவின் கடை வழியாகத்தான் தெருவுக்கு வர முடியும்.

தம்பிக்கு ஊர் வைத்த பெயர் 'வேண்டாம் டாக்டர்'. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு முடிவெடுத்தான். சளி, இருமல், தொண்டைக் கரகரப்பு என்று வந்தால் ஆன்டிபயாடிக் எழுத மாட்டேன் என்பது அந்த முடிவு. "இது வைரஸ். இதுக்கு அந்த மருந்து கேக்காது. வேண்டாம்," என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவனை இந்த வழிக்குக் கொண்டுவந்தது அவன் மனைவி. பெரிய ஆஸ்பத்திரி லேப்பில் கிருமிகளை வளர்த்து, எந்த மருந்துக்கு எது சாகும் என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. மைக் மாமா அவளுக்கு வைத்த செல்லப் பெயர் 'கிருமி மேடம்'.

ஞாயிற்றுக்கிழமை அதே ஆஸ்பத்திரிக்குத்தான் மாமாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சிறுநீரில் தொடங்கிய தொற்று ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். "கடந்த ஆறு மாசத்துல ஆன்டிபயாடிக் ஏதாவது எடுத்தாரா?" என்று டூட்டி டாக்டர் கேட்டபோது அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் தம்பி முந்திக்கொண்டான்.

"எங்க வீட்டுல அந்தப் பழக்கமே கிடையாது டாக்டர்."

அக்கா வாயை மூடிக்கொண்டாள். வழக்கமான மருந்தை ஏற்றினார்கள். இரண்டு நாள் ஓடிப்போனது, காய்ச்சல் இறங்கவில்லை.

*

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்குக் கிருமி மேடம் லேப்பில் மாமாவின் தட்டுகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

ரத்தத்தில் இருந்த கிருமியைத் தட்டில் பரப்பி, அதன் மேல் சின்னச் சின்னக் காகித வில்லைகளை வைப்பார்கள். ஒவ்வொரு வில்லையிலும் ஒரு மருந்து இருக்கும். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றி எதுவும் வளராமல் ஒரு வட்டம் வெறிச்சென்று தெரியும். வேலை செய்யாவிட்டால் வில்லையின் ஓரம் வரைக்கும் கிருமி வந்து ஒட்டி நிற்கும்.

மூன்று தட்டுகளில் பதினாறு வில்லைகள் இருந்தன. பதினான்கைச் சுற்றி வட்டமே இல்லை.

பதினைந்தாவதைச் சுற்றி நல்ல வட்டம். பதினாறாவதைச் சுற்றி ஒரு மங்கல் வட்டம், இருக்கிறது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். அவள் அளவுகோலை வைத்து அளந்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தாள். பதினொரு வருஷமாகத் தட்டுப் பார்க்கிறவள், சொந்தக்காரர் தட்டு என்பதால் அளவு கூடிவிடக் கூடாது என்று மூன்றாவது தடவையும் அளந்தாள்.

கணவனுக்குப் போன் போட்டாள். நாத்தனாரையும் மாமாவையும் அவள் அண்ணி, அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்.

"அண்ணி பக்கத்துல இருக்காங்களா?"

"ம்."

"கொஞ்சம் தள்ளி வாங்க."

அவன் நடந்து போகும் சத்தம் கேட்டது.

"அண்ணனுக்கு ரெண்டே மருந்துதாங்க மிச்சம் இருக்கு. ஒண்ணு, பூட்டி வச்சிருக்கற அலமாரி ஊசி. இன்னொண்ணு சுமார்."

"ரெண்டுதானா?"

"இத்தனை மருந்தைப் பழகின கிருமி, மாத்திரையே பாக்காத ஒடம்புல எப்படிங்க வந்துச்சு?" என்றாள்.

"பஸ் ஸ்டாண்டு. நாளைக்கு எத்தனை ஆயிரம் பேர் வந்து போறாங்க. யார்கிட்டேருந்தாவது ஒட்டியிருக்கும்."

"இருக்கலாம்."

அவள் அகராதியில் 'இருக்கலாம்' என்றால் 'இல்லை' என்று அர்த்தம். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவனுக்கு அது தெரியாதா என்ன?

"அண்ணிகிட்ட தனியா ஒரு தடவை கேளுங்களேன்."

"அக்காகிட்டயா? நான் எழுதாத மருந்தை அக்கா கையால தொட மாட்டா. கடையில எட்டு மாசமா அதுதான் நடக்குது. உனக்கே தெரியும்."

அவன் குரலில் கோபம் இருந்தது. அக்காவைச் சந்தேகப்படுவது அவனைப் பொறுத்தவரை பெற்ற தாயைச் சந்தேகப்படுவது மாதிரி. இவளும் மேலே பேசவில்லை. பேசியிருக்கலாம்.

*

பத்து மணிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவின் டாக்டரம்மா மூன்று பேரையும் ஒரு சின்ன அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார். குள்ளமான பெண்மணி. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே மேஜையில் தேடுகிற ரகம். ஆனால் பேச்சில் ஒரு சொல் வீணாகாது.

"ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, அலமாரியில பூட்டி வச்சிருக்கற ஊசி. லேப்லேருந்து ஒரு கையெழுத்து, என் கையெழுத்து, ரெண்டும் இருந்தாத்தான் அலமாரி திறக்கும். அது கிருமியை நிச்சயம் அடிக்கும். கூடவே இவரோட கிட்னியையும் அடிக்கும். கிட்னி இப்பவே பாதிதான் வேலை செய்யுது."

அக்கா கைகளை மடியில் கோத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு மென்மையான மருந்து. கிட்னியைத் தொந்தரவு பண்ணாது. ஆனா தட்டுல சுமாராத்தான் கேக்குது. அந்த வகை மாத்திரையை இவர் ஏற்கெனவே சாப்பிட்டிருந்தா நான் அந்தச் சுமாரை நம்ப மாட்டேன். பாதி வழியில கைவிட்டுடும். சாப்பிட்டதே இல்லைன்னா துணிஞ்சு குடுக்கலாம். அதனால மறுபடியும் கேக்கறேன். எடுத்தாரா?"

தம்பி அக்கா பக்கம் திரும்பினான்.

"இல்லதானக்கா?"

கேள்விக்குள்ளேயே பதிலை வைத்து மடித்துக் கொடுத்தால் வாங்குகிறவர் என்ன செய்வார்? எட்டு மாதமாக அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது, அதுவும் அந்தக் கேள்வியில் இருந்தது. அக்கா அதைப் பார்த்தாள். தொண்டைக்கு அவ்வப்போது இரண்டு நாள் கொடுத்தது, அதெல்லாம் ஒரு மருந்தா என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அது தொண்டை, இது மூத்திரக் கோளாறு, எதற்கும் எதற்கும் முடிச்சு என்று நினைத்தாள். அதைச் சொன்னால் அதோடு நிற்காது, மற்றதெல்லாம் வரிசையாக வெளியே வரும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"இல்ல," என்று தலையை ஆட்டினாள்.

நான் இந்தக் குடும்பத்தைப் பதினேழு வாரமாக எழுதி வருகிறேன். அக்காமேல் எனக்குக் கொள்ளைப் பிரியம். இந்த இடத்தில் அவளை மன்னிக்க என்னால் முடியவில்லை.

"சரி. மென்மையானதையே போட்டுப் பாப்போம். பதினொரு மணிக்கு ஏத்திடலாம்," என்றார் டாக்டரம்மா. "அவரோட பழைய சர்க்கரை ரிப்போர்ட்டெல்லாம் இருந்தா கொண்டு வாங்க."

"கடையில என் டிராயர்ல இருக்கு," என்று அக்கா சொன்னாள். சொன்ன பிறகுதான் அந்த டிராயரில் வேறு என்ன இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது.

"நானே போய் எடுக்கறேன் தம்பி."

"நீ மாமாகிட்ட இரு. பக்கத்துலதான, ஓடிட்டு வந்துடறேன்." சாவியை அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

*

கடையின் ஷட்டரைப் பாதிதான் தூக்கினான். முழுசாகத் திறந்தால் ஆள் வந்துவிடும். பாதி திறந்தும் ஆள் வந்தது. கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரர் குனிந்து உள்ளே நுழைந்தார்.

"அக்கா வந்துட்டீங்களா..." என்றவர் நிமிர்ந்ததும் திகைத்தார். "அட, டாக்டர் நீங்களா. மாமா எப்படி இருக்கார்?"

"பாத்துட்டிருக்காங்க. உங்க இருமல் எப்படி இருக்கு? போன வாரம் வந்தீங்களே."

"அது ரெண்டே நாள்ல போயிடுச்சு டாக்டர்."

"பாத்தீங்களா? ஆன்டிபயாடிக் இல்லாமயே போச்சு." அந்த நிலைமையிலும் அவனுக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீட்டில் ஒரு நீளமான நோட்டு வைத்திருக்கிறான். சளியோடு யார் வந்தார்கள், ஏழாம் நாள் போன் செய்து கேட்டபோது எப்படி இருந்தார்கள் என்று அதில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். வருகிற சனிக்கிழமை டாக்டர்கள் கூட்டத்தில் அதை வைத்துப் பேசப்போகிறான். தையல்காரர் நானூற்று எட்டாவது ஆள்.

தையல்காரர் அளவு நாடாவின் முனையைச் சுருட்டினார்.

"ஆமாங்க டாக்டர்."

"இப்ப என்ன வேணும்?"

"வீட்டுல சம்சாரத்துக்கும் அதே இருமல். அதான், அந்த ரெண்டாவது பொட்டலம் ஒண்ணு வாங்கிட்டுப் போகலாம்னு."

"என்ன ரெண்டாவது பொட்டலம்?"

தையல்காரர் சொன்னதை விழுங்கப் பார்த்தார். முடியவில்லை.

"உங்களுக்குத் தெரியாதா டாக்டர்? தெருவுக்கே தெரியுமே. நீங்க எழுதறது வெள்ளைக் கவர்ல வரும். அப்புறம் அக்கா பழுப்புக் காகிதத்துல மடிச்சு ஒண்ணு தருவாங்க. ஆறு மாத்திரை. 'தம்பி சின்னப் பையன், படிச்சதை அப்படியே நம்பறான். நீ இதையும் போட்டுக்க'ன்னு சொல்வாங்க."

தம்பி டிராயரை இழுத்தான். மாமாவின் ரிப்போர்ட் உறைக்குப் பின்னால் பழுப்புப் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. அக்காவுக்கு எதையும் ஒழுங்காக மடிக்கத்தான் தெரியும். ஒன்றைப் பிரித்தான். அட்டையிலிருந்து வெட்டிய ஆறு மாத்திரைகள். தகட்டின் பின்னால் இருந்த பெயரைப் படித்தான். படித்ததும் தலைக்குள் மணி அடித்தது. டாக்டரம்மா சொன்ன மென்மையான மருந்தும் இதே வகைதான்.

ஓரத்தில் தனியாக ஐந்து பொட்டலங்கள். அவற்றின் மேல் மட்டும் அக்காவின் கையெழுத்தில் ஒரு சொல் இருந்தது. 'குரல்.'

ஊரில் யாருடைய குரலுக்கு அக்கா பொட்டலம் மடித்து வைப்பாள் என்று யோசிக்க அவனுக்கு நேரம் தேவைப்படவில்லை. சுவர்க் கடிகாரம் பத்து ஐம்பது காட்டியது.

மனைவியைக் கூப்பிட்டான்.

"அந்த மருந்தை ஏத்த வேண்டாம்னு சொல்லு."

"ஏங்க?"

"சாப்பிட்டிருக்கார். அதே வகை. எத்தனை தடவைன்னு எனக்குத் தெரியாது. அக்காவைக் கேளு. இப்பவே போ."

தையல்காரர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"அப்ப என் சம்சாரத்துக்கு என்ன பண்ணட்டும் டாக்டர்?"

எட்டு மாதமாக நாக்கு நுனியில் தயாராக இருந்த சொல், இப்போது வரவில்லை. "எதுவும் குடுக்காதீங்க. நானே வந்து பாக்கறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு ஷட்டரை இறக்கினான்.

*

கிருமி மேடம் இரண்டு மாடி படியேறி ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. அக்கா முன்னால் குந்தி உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி. அண்ணனோட குரலுக்கு என்ன குடுத்தீங்க?"

அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். டிராயர் திறந்துவிட்டது என்று புரிந்தது. அழுவாள் என்று நினைத்திருப்பீர்கள். அழவில்லை.

"தொண்டை கரகரன்னா ரெண்டு நாள் குடுப்பேன். குரல் வந்ததும் நிறுத்திடுவேன். குரல் இல்லாம அவர் ஒரு நாள் வீட்டுல உக்காந்தா அவருக்குப் பைத்தியம் புடிச்சிடும். உனக்குத் தெரியாதா?"

"எத்தனை தடவை?"

அக்கா விரல் மடக்கி எண்ணினாள். "கோடை லீவு கூட்டத்துல மூணு. மழைக்காலத்துல அஞ்சு இருக்கும். அப்புறம் மைக் ரிப்பேரா இருந்தப்ப கத்திக் கத்தி ரெண்டு." மறுபடி யோசித்தாள். "போன மாசம் ஒண்ணு. பதினொண்ணு."

"எல்லாம் இந்த ஒரு வருஷத்துலயா?"

"ம்."

"எல்லாம் ஒரே மாத்திரையா?"

"மொதல்ல சிவப்பு அட்டை. அது கேக்காமப் போச்சு. அப்புறம் பச்சை அட்டைக்கு மாத்தினேன். நல்லா கேட்டுச்சு." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். தான் என்ன சொல்கிறோம் என்பது அப்போதுதான் அவள் காதிலேயே விழுந்தது.

கிருமி மேடம் எழுந்து உள்ளே ஓடினாள். மருந்துப் பை கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது, நர்ஸ் குழாயை மாட்டிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா விஷயத்தைக் கேட்டார். யார்மீதும் கோபப்படவில்லை, அதற்கெல்லாம் அவருக்கு நேரமில்லை.

"அதை இறக்குங்க. அலமாரியைத் திறங்க."

கிருமி மேடம் கையெழுத்துப் போட்டாள். அந்த அலமாரிக்குப் பூட்டு வேண்டும், கண்டபடி எடுத்தால் கடைசி மருந்தும் பழகிப்போகும் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் சண்டை போட்டு வாங்கியவளே அவள்தான். சொந்தக்காரருக்காக அதைத் திறப்போம் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

கிட்னி நின்றுபோனால் டயாலிசிஸ் மெஷின் வைக்க வேண்டியிருக்கும் என்று ஒரு தாளை நீட்டினார்கள். அக்கா அதில் கையெழுத்துப் போட்டாள்.

"அது தொண்டைக்குத்தானேம்மா குடுத்தேன்," என்றாள், வெளியே வந்த தம்பி மனைவியிடம்.

"தொண்டைக்குன்னு நாம நினைச்சா மாத்திரைக்குத் தெரியுமா அண்ணி? ஒடம்பு பூரா போகும். குடல்ல இருக்கற கிருமியெல்லாம் அடி வாங்கும். சாகாம தப்பிச்சது மட்டும் அடுத்த தடவைக்குப் பெருகி நிக்கும். பதினொரு தடவை நாமளே பொறுக்கி எடுத்து வளத்த மாதிரி ஆச்சு. அதுல ஒண்ணுதான் இப்ப ரத்தத்துல இருக்கு."

அக்கா அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். மழுப்பாம சொல்லு. ஞாயித்துக்கிழமை நான் சொல்லியிருந்தா?"

கிருமி மேடத்துக்குப் பொய் சொல்ல ஆசையாக இருந்தது. ஒரு சின்னப் பொய், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, 'அப்பவும் இப்படித்தான் ஆகியிருக்கும் அண்ணி' என்று. தட்டில் இருப்பதை மட்டுமே எழுதிப் பழகிய வாய் அதற்கு வளையவில்லை.

"அன்னைக்கே, கிட்னி நல்லா இருக்கறப்பவே அலமாரியைத் திறந்திருப்பாங்க. இந்த அளவுக்கு வந்திருக்காம இருந்திருக்கலாம்."

அக்கா தலையை ஆட்டினாள். கேட்டதைக் கொடுத்ததற்கு நன்றி சொல்வது போல மெதுவாக ஆட்டினாள். பார்க்கச் சகிக்கவில்லை.

*

தம்பி வந்தபோது கையில் ரிப்போர்ட் உறை இருந்தது. சட்டைப் பையில் ஒரு பழுப்புப் பொட்டலம் துருத்திக்கொண்டிருந்தது. மனைவியிடம், "போட்டாச்சா?" என்று கேட்டான். "போட்டாச்சு," என்றாள்.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்தான். பொட்டலத்தை எடுத்து நாற்காலிகளுக்கு நடுவில் வைத்தான்.

"எதுக்குக்கா?"

"மொதல் மாசம் ஞாபகம் இருக்கா உனக்கு?" அக்கா அவனைப் பார்க்காமலே பேசினாள். "எல்லாரும் எதிர் வரிசை டாக்டர்கிட்ட போயிட்டாங்க. நீ ஆள் இல்லாத ரூமுல ஃபேனை நிறுத்திட்டு உக்காந்திருந்த. கதவு இடுக்கு வழியா பாத்தேன்டா. பரீட்சையில தோத்துட்டு வந்தப்பகூட நீ அப்படி உக்காந்ததில்ல. அப்ப ஒரு பொம்பளை, 'உன் தம்பிக்கு ஒண்ணும் தெரியலையே'ன்னு சொல்லிட்டு வெளிய வந்தா. அவ கையிலதான் மொதல் பொட்டலம் குடுத்தேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா விட்டிருப்பியா? நாலு பேருக்கு நல்லாச்சு, மறுபடி கூட்டம் வந்துச்சு. டாக்டருக்குக் கைராசின்னு பேசிக்கிட்டாங்க. நீ சிரிச்ச முகமா வீட்டுக்கு வந்த. எனக்கு அது போதும்னு இருந்துச்சு."

"எத்தனை பேருக்குக் குடுத்த?"

அக்கா பொட்டலத்தின் மடிப்பை விரலால் நீவினாள்.

"அக்கா, எத்தனை பேருக்கு?"

"நீ வேண்டாம்னு சொன்ன எல்லாருக்கும்."

நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஏழாம் நாள் போனில் "ரொம்ப நல்லாயிருக்கோம் டாக்டர்" என்று சொன்ன நானூற்றுப் பன்னிரண்டு குரல்கள். அத்தனை சளியும் தானாகவே போயிருக்கும். பொட்டலம் ஒரு மண்ணும் செய்யவில்லை. தம்பிக்கு அது தெரியும், கிருமி மேடத்துக்குத் தெரியும், உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஆனால் இனி அதை யாரிடம் நிரூபிப்பது? அக்காவிடமே நிரூபிக்க முடியாது.

"சனிக்கிழமை நான் போய் என்னத்தைப் பேசறது?" என்றான் தம்பி.

மனைவி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணன் உள்ள படுத்திருக்கார்ங்க," என்றாள்.

அவன் தலை குனிந்தது. ஞாயிற்றுக்கிழமை டூட்டி டாக்டரிடம் முந்திக்கொண்டு பேசியது யார் என்பது அவன் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அரைமணி நேரம் கழித்துத் தானாகவே வாயைத் திறந்தான்.

"உன்னைப் பேச விட்டிருக்கணும்க்கா. ரெண்டு தடவையும்."

*

மூன்றரை மணிக்கு மெஷினைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மாமாவின் கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பையில் பதினொரு மணிக்கு அப்புறம் ஒரு சொட்டுக்கூடச் சேரவில்லை. ஊசி கிருமியை அடித்துக்கொண்டிருக்கிறது, கிருமி அடங்கும்வரை உடம்பு தாங்க வேண்டும், தாங்குமா என்று சொல்ல நாளைக் காலை ஆகும் என்றார் டாக்டரம்மா. நாளைக் காலை என்று சொல்லும்போது கண்ணாடியைத் தேடினார்.

அக்காவின் போன் அடித்தது. பள்ளி வேன் ஓட்டுகிறவரின் மனைவி. கடைக்கு அடிக்கடி வருகிறவள். அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம், போனில் சத்தத்தைக் கூட்டி வைத்துத்தான் பேசுவாள். அதனால் மற்ற இருவருக்கும் எல்லாம் கேட்டது.

"என்னக்கா, கடை மூணு நாளா சாத்தியிருக்கு?"

"வீட்டுல உடம்பு சரியில்ல. சொல்லு."

"பொண்ணுக்கு மறுபடியும் காய்ச்சல்க்கா. போன தடவை நீங்க குடுத்ததுல மூணு மிச்சம் வச்சிருந்தேன். சனிக்கிழமையே ஆரம்பிச்சிட்டேன். பெரியவனோடது ரெண்டு இருந்துச்சு, அதையும் சேத்துக் குடுத்தேன்."

அக்கா எழுந்து நின்றாள். "இனிமே அதைக் குடுக்காத."

"தீந்தே போச்சுக்கா. எப்பவும் ரெண்டாம் நாள் விட்டுடும்ல, இந்தத் தடவை கேக்கவே மாட்டேங்குது. காலையிலேருந்து கண்ணு முழிக்கல, ஒண்ணுக்கும் போகல. உடம்பு அப்படி நடுங்குது. வேற பெருசா ஏதாவது இருந்தா எடுத்து வைங்க, அவரை அனுப்பறேன்."

"உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வா. நான் இங்கதான் இருக்கேன். டாக்டர்கிட்ட காட்டு."

"டாக்டர் வேண்டாம்னுதான் சொல்வார். அதனாலதானக்கா உங்ககிட்ட கேக்கறேன்."

அக்கா போனைத் தம்பியிடம் நீட்டினாள். அவன் வாங்கினான்.

"நான் டாக்டர் பேசறேன். பொண்ணுக்கு எத்தனை வயசு?"

மறுபக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. வைத்துவிட்டாள்.

தம்பி திரும்ப அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தான். இந்த முறை அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. மாட்டிக்கொண்டோம் என்று பயந்துவிட்டாள் போலிருக்கிறது. எட்டு மாதமாக டாக்டருக்குத் தெரியாமல் வாங்கியதை டாக்டரிடமே எப்படிச் சொல்வாள்?

"அவங்க வீடு எங்கக்கா?"

"மார்க்கெட் பின்னாடி, சந்துக்குள்ள சந்து. நம்பர் கிடையாது. சொன்னா உனக்குப் புரியாது." அக்கா வாசலில் விட்டிருந்த செருப்பைத் தேடினாள். "நானே வந்து காட்டறேன். நான் கூப்பிட்டாத்தான் கதவைத் திறப்பா."

ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தாள். அப்போது கண்ணாடிக் கதவு திறந்தது. நர்ஸ் வெளியே தலையை நீட்டினாள்.

"ஆறாம் நம்பர் பெட் பேஷன்டோட மனைவி யாரு? டாக்டர் உடனே உள்ள வரச் சொல்றாங்க."

மற்ற மூன்று பேரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் கதவைப் பார்த்தாள். பிறகு இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டாள்.

"நீ உள்ள போய் நில்லும்மா," என்றாள் தம்பி மனைவியிடம். "அவர் முழிச்சுக் கேட்டா, இதோ வந்துடுவேன்னு சொல்லு."

படியில் அவள் இறங்கும் சத்தம் கேட்டது. தம்பி பின்னாலேயே ஓடினான்.